மண் இறங்கிய பாதையில் மடுல்சீமைக்கு

பதுளையில் மடுல்சீமை பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை: பள்ளத்துப் பக்க ஜன்னலை வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடுங்கள். அந்தப் பக்கம் தேயிலைச் சரிவும் மஞ்சும் தூரத்து அருவியுமாக, கடை நாட்காட்டியில் பார்த்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இப்போது பார்க்க வேண்டியது மலைப்பக்கத்தை. பச்சைத் தேயிலைக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடக்கும் செம்மண், வேரோடு கவிழ்ந்த சவுக்கு மரங்கள், வீதியோரம் ஒதுக்கிக் குவித்த சேற்றில் அதற்குள் முளைத்துவிட்ட புல் எல்லாம் அந்தப் பக்கம்தான். சில வளைவுகளில் பழைய வீதி போய், மலையை இன்னும் கொஞ்சம் உள்ளே குடைந்து புது வழி போட்டிருக்கிறார்கள். அங்கே வந்ததும் சாரதி பாட்டை நிறுத்திவிடுகிறார். கண்டக்டர் மிதிபலகையில் இறங்கி நின்று பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை இந்தத் தீவில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலானோர் இறந்தது கடற்கரையில் அல்ல, மலையில். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களில் மண் சரிந்தது. பதுளை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் எண்பதுக்கும் மேல். சில மலைகளில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலையக ரயில் பாதை துண்டு துண்டாக அறுந்தது. மின்சாரம் போனது, அதோடு தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. பக்கத்துத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை நடந்து போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பசறையில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. நமுனுகுலை மலையின் 2,036 மீற்றர் உயரமும் அன்று மேகத்துக்குள் இருந்தது. ஒரு பிளேன்டீ குடிக்க இறங்கிய இடத்தில், பாறை விழுந்த வீதிகளைப் பற்றித்தான் பேச்சு. பசறைக்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்தால் அது 2021 மார்ச் 20இல் போய் நிற்காமல் இருக்காது. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று அன்று காலை பசறை பதின்மூன்றாம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. மலையிலிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று அந்த இடத்தில் வீதியின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. எதிரே வந்த டிப்பருக்கு வழிவிடப் போன பஸ்ஸுக்குச் சக்கரம் வைக்க இடம் போதவில்லை. பதினான்குக்குக் குறையாத உயிர்கள் போயின. அந்தப் பள்ளத்தில் முதலில் இறங்கியவர்கள் பக்கத்து வீடுகளிலும் தோட்டத்திலும் இருந்த ஆட்கள். ஒரு பாறையை நேரத்தோடு அகற்றாமல் விட்டதன் விலை என்னவென்று இந்தப் பகுதிக்குக் கணக்காகத் தெரியும். அதனாலோ என்னவோ, வீதியில் கல் விழுந்தால் இங்கே யாரும் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பதில்லை.

அலவாங்கு எடுக்கிறார்கள்.

மடுல்சீமைச் சந்தியில் இறங்கியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சிறிய ஊர். கடைத்தெரு, கோயில், பள்ளிக்கூடம், பொலிஸ், சுற்றிலும் மலை. பட்டாவத்தை, ரோபேரி, கொக்காகலை, மாதோவை என்று தோட்டங்களின் பெயர் எழுதிய பலகைகள் ஆளுக்கொரு திசையைக் காட்டுகின்றன. நான் போக வேண்டியது அவற்றுக்கும் உள்ளே ஒரு டிவிசனுக்கு. ஓட்டோக்காரர் ஒரு எல்லை வரைக்கும்தான் வருவேன் என்றார். "அதுக்கு மேல ரோடு இருக்குங்க, ஆனா ஓட்டோவுக்குத் தெரியாது" என்றவர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து, பெண்கள் வேலை முடிந்து இறங்கி வரும் ஒற்றையடிப் பாதையில் ஏறினேன்.

இந்த மலைகளில் மண் எப்போது இறங்கும் என்பதற்கு ஒரு பருவம் உண்டு. தென்மேற்குப் பருவமழை மத்திய மலைகளின் மறுபக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஊவாவுக்கு அந்த மாதங்களில் வருவது காய்ந்த கச்சான் காற்றுதான். அந்தக் காற்றில்தான் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் விலை ஏற்றும் வாசம் சேர்கிறது. மழை வருவது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. 1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்தன. லயங்களை மண் மூடிய மீரியபெத்தை, 2014 ஒக்டோபரில். டித்வா நவம்பரில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பெரியவர்கள் இரவில் சரியாகத் தூங்குவதில்லை என்று சொன்னார்கள். கூரைத் தகரத்தில் மழையின் சத்தம் எப்படி விழுகிறது என்று கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்களாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதையே மில்லிமீட்டரில் சொல்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் தயாராக இரு, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணி நேரத்தில் மட்டும் 75 பெய்தால் வெளியேறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரண்டும் சிக்னலும் போன இரவில் சிவப்பு எச்சரிக்கை எந்த வழியாக லயத்துக்கு வந்து சேரும்? நான் போன டிவிசனில் அதற்கு வேறு கணக்கு வைத்திருந்தார்கள். பீலித் தண்ணீர் கலங்கி வந்தால், அல்லது வழக்கமாக வரும் ஊற்று திடீரென்று நின்றால், மேலே எங்கோ தண்ணீர் வழி மாறிவிட்டது. பூட்டாத கதவு நிலையில் இறுகிக்கொண்டால் சுவர் நகர்கிறது. மரங்கள் சாய்ந்தால், இஸ்தோப்புத் தரையில் நூல் மாதிரி வெடிப்பு ஓடினால், சாமான் எடுக்கக்கூட நிற்கக் கூடாது. நிறுவனத்தின் கையேடுகளிலும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தான் இருக்கின்றன. இவர்கள் கையேட்டுக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தார்கள்.

டித்வா மழை கொட்டிய இரவில் அங்கே கோயில் மணியை அடித்தார்கள். அடித்தவர் கோயில் பூசாரி இல்லை, கான் வெட்டுக்காரர்.

இவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேயிலை மலையைப் படத்தில் பார்க்கிறவர்களுக்குக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மட்டும்தான் தெரிவார்கள். தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே, சரிவைச் சுற்றி ஓடும் கான்கள் புதருக்குள் மறைந்திருக்கும். மலையில் விழும் மழை நேரே கீழே பாய்ந்து மண்ணை அறுக்காமல், பக்கவாட்டில் மெதுவாக நடந்துபோய்க் கல் கட்டிய பெரிய வாய்க்காலில் இறங்க வேண்டும். அதற்காகத்தான் கான். வருடாவருடம் அதில் மண் நிரம்பும், இலை அடைக்கும். மழைக்கு முன்னால் வெட்டித் திறந்துவிட வேண்டும். அது ஆண்கள் வேலை. மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும் வேண்டும். எந்த மலையில் எந்தக் கான் எங்கே திரும்புகிறது என்பது அந்தக் கேங்கின் தலையில் வரைபடமாக இருக்கும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் கம்பனிகளுக்குப் போனது. அதன் பிறகு ஆட்களும் குறைந்தார்கள். கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் இளசுகள் போனார்கள். கொழுந்து இன்றைக்கே காசு தரும், கான் தராது. ஆகவே முதலில் குறைந்தது கான் வெட்டுதான். இது என் ஊகம் மட்டும் இல்லை. கைவிடப்பட்ட மலைகளில் நடந்து பார்த்தால் காலே சொல்லிவிடும். கான் இருந்த இடத்தில் மண் நிறைந்து, அதன் மேல் மானாப் புல் வளர்ந்து, தண்ணீர் தனக்குப் பிடித்த வழியில் இறங்கியிருக்கும்.

மண் சரிந்த பிறகு அந்த டிவிசனில் நடந்ததைப் பல வாயால் கேட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார், அதை ஒரு அக்கா மறுபடி திருத்தினார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே ஒரு பெரட்டு நடந்திருக்கிறது. வழக்கமாகக் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரிப்பார்கள். அன்றைக்குத் துரையும் இல்லை, கணக்கப்பிள்ளையும் வர வழியில்லை. ஆனாலும் விடிந்ததும் ஆட்கள் தாங்களாகவே களத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். லயம் லயமாக நின்று தலை எண்ணினார்கள். இல்லாதவர் யார் என்பது அப்படித்தான் தெரிந்தது. பிறகு பிரிந்தார்கள். கான் வெட்டு ஆட்கள் மேலே போய், இன்னும் இறங்கக்கூடிய மண்ணுக்குத் தண்ணீர் போகாமல் புதிதாக வெட்டி வேறு பக்கம் திருப்பினார்கள். கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவர்கள் விழுந்த மரங்களை அறுத்தார்கள். இளந்தாரிகள் அலவாங்கோடு பாதையில். பெண்கள் கொழுந்துச் சாக்கில் மண் நிரப்பி வாசலுக்குத் தடுப்பு வைத்தார்கள். வயதானவர்களைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

"யாருங்க்கா அன்னைக்குத் தலைமை?" என்று கேட்டேன்.

அந்த அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தலைமையா? வேல தெரிஞ்சவங்க சொன்னாங்க, மத்தவங்க செஞ்சாங்க. தெனமும் அப்படித்தானே செய்யிறோம்."

அந்தப் பேச்சு எனக்கு ஒரு பனிக்காலக் கதையை நினைவூட்டியது. டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தி மகன் பனிக்காலத்தில் தொலைபேசியில் பேசினால், பாதி நேரம் பனி தள்ளுவதைப் பற்றித்தான் பேசுவான். 1999 ஜனவரியில் டொராண்டோவில் அடுக்கடுக்காகப் பனி விழுந்து நகரம் உறைந்தபோது, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற கனடியர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். ஆனால் தன் தெருவில் யார் யார் எந்த வயதான சீனப் பாட்டியின் வாசலைத் துப்புரவாக்குகிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்த நகரத்தில் பனி வரும் என்பதற்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. இயந்திரம், உப்பு, இரவு வேலைக்கு ஆள், அவர்களுக்கு மேலதிகச் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். அயலாரின் மண்வெட்டி அதற்கு மேல் வரும் அன்பு. மடுல்சீமையில் பனி விழாது. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் படியும் உறைபனி கொழுந்தைக் கருக்குவதே இந்த நாட்டின் அதிகபட்சப் பனி. ஆனால் மண் இறங்கும். அது வரும் மாதமும் தெரியும், வரும் சரிவும் ஏறக்குறையத் தெரியும். அதற்கான வரி எந்தக் கணக்கில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளைக் கம்பனியின் காணியாகப் பார்த்ததால், அங்கே வீதி போடவோ கான் கட்டவோ பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிட முடியாமல் இருந்தது. தோட்டத்துக்காரர் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர் வீட்டு வாசலுக்கு ஒரு பறி மண் போட முடியாது. 2018இல்தான் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தினார்கள். 1948இல் குடியுரிமை பறித்த நாடு, அதை 2003இன் சட்டத்தோடு ஒருவாறு திருப்பிக் கொடுத்து முடிக்கவே அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. வீதி அதற்குப் பிறகு பதினைந்து வருடம் காத்திருந்தது. திருத்தம் வந்தும் பணம் அதே வேகத்தில் வரவில்லை என்பதற்கு ஓட்டோவுக்குத் தெரியாத அந்த ரோடே சாட்சி.

ஆகவே தோட்டத்து மக்கள் கூடி வேலை செய்வதைப் பார்த்து நகரத்துப் பத்திரிகைகள் "என்னே ஒற்றுமை" என்று எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒற்றுமை உண்மைதான். அதைப் பழகிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் மரண உதவிச் சங்கத்திலிருந்து பணம் வீட்டுக்கு வந்துவிடும், பக்கத்து லயத்தில் அடுப்பு எரியும், பெட்டிக்குச் சொல்ல ஒருவர் பசறைக்கு இறங்கிவிடுவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தச் சங்கத்தின் கொப்பியைத்தான் புயலுக்குப் பிறகும் எடுத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை குழந்தை, யார் கர்ப்பிணி என்பதெல்லாம் அதிலிருந்துதான் நிவாரணப் பட்டியலுக்குப் போனது. அரசாங்கப் படிவங்கள் வந்து சேர்ந்தபோது பட்டியல் தயாராக இருந்தது.

பேரழிவு இங்கே புதிது அல்ல. மடுல்சீமை உலகத்தின் கவனத்துக்கு வந்தது ஒரு பேரழிவால்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1869இல் இங்கே கல்லூலைத் தோட்டத்தில் காப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். காப்பித் துரு நோய். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பூஞ்சைக்குப் பெயர் வைத்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அது தின்று தீர்த்தது இங்கே. இருபது வருடத்துக்குள் இலங்கைக் காப்பி முடிந்தது. தோட்டங்கள் கைமாறின, வங்கி முறிந்தது, தேயிலை வந்தது. துரைமார் நஷ்டத்தைப் பற்றி நிறைய நூல்களில் இருக்கிறது. காப்பி போன வருடங்களில் கூலி கிடைக்காமல் தலைமன்னார்ப் பாதையில் திரும்பி நடந்தவர்களைப் பற்றி அவ்வளவு இல்லை. 1823இலிருந்து கணக்கிட்டு மலையகம் தன் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தபோது, அந்தப் பாதையில் முதலில் வந்த நடையை நடந்தே நினைவுகூர்ந்தார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை.

காட்டை அழித்துக் காப்பி வைத்ததும் அந்தக் காலத்தில்தான். இன்றைய சரிவுகளுக்கு மூலகாரணம் தேடினால் புயலோடு நிறுத்திக்கொள்ள முடியாது. இந்த மலைகளின் பாறைக்கு மேல் உக்கிய மண் தடிப்பாகப் படிந்திருக்கிறது. பல இடங்களில் அதுவே ஏதோ ஒரு பழங்காலத்தில் சரிந்து வந்து நின்ற மண். ஆழ வேர் போன பெருமரங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. தேயிலை வேரும் ஆழம் போகும், ஆனால் வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்திய செடிக்கும் காட்டுக்கும் வித்தியாசம் உண்டு. மழை உள்ளே இறங்கி, பாறையைத் தொட்டு, கீழே போக முடியாமல் மண்ணைத் தூக்க ஆரம்பிக்கும்போது, முழுச் சரிவும் ஒரே நொடியில் கிளம்புகிறது. லயங்களைக் கட்டிய வெள்ளைக்காரன் நல்ல சமதரையில் தேயிலை ஆலையையும் பங்களாவையும் வைத்தான். லயத்துக்குக் கிடைத்தது தேயிலை வளராத மடிப்பு, ஓடைக்கரை, சரிவின் அடிவாரம்.

மீரியபெத்தையும் அப்படியொரு அடிவாரம். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், இதே பதுளை மாவட்டத்தில். 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில் மலை இறங்கி லயங்களை மூடியது. பெரட்டுக்குப் போனவர்கள் மலையில் இருந்தார்கள், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். தப்பியது அப்படித்தான். வேலைக்குப் போகாதவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தைகள் வீட்டில் இருந்தார்கள். அரசின் கணக்கில் 37 பேர் இறந்தார்கள். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தவர்கள் போய்விட்டார்கள், போக இடம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. சரிவுக்குப் பிறகு நாடே திரண்டு வந்தது, சாப்பாட்டுப் பொதிகள் மிஞ்சிப்போகும் அளவுக்கு. பிறகு நாடு வீட்டுக்குத் திரும்பியது. தப்பியவர்கள் மூடிக்கிடந்த தேயிலை ஆலை ஒன்றுக்குள் துணி மறைப்புக் கட்டி இரண்டு வருடம் இருந்தார்கள். 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கொடுக்கப்பட்டன. 2023 மார்ச்சில், அங்கிருந்து தூரமில்லாத பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மறுபடி மண் இறங்கி லயங்களை உடைத்தது. மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி பாய்.

முகாமாகியிருந்த பள்ளிக்கூடம் ஒன்றை மடுல்சீமையிலும் பார்த்தேன். நான் போனபோது வகுப்புகள் தொடங்கிவிட்டன, ஆனால் ஒரு கட்டடத்தில் இன்னும் சில குடும்பங்கள். கரும்பலகையில் ஒரு பக்கம் பின்னக் கணக்கு, மறுபக்கம் சமையல் முறை: எந்த நாள் எந்த லயம். ஆரம்பத்தில் சமைத்தது கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பிறகு கீழே இருக்கும் சிங்களக் கிராமத்திலிருந்து அரிசியும் பலாக்காயும் வந்ததாகச் சொன்னார்கள். அந்தக் கிராமத்தின் வயல் மேல் தோட்டத்து மண்தான் வந்து படிந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கத் தோட்டத்து ஆட்கள் இறங்கிப் போனார்கள். சிரமதானம் என்று அவர்கள் சொன்னார்கள், இவர்களும் அதையே சொன்னார்கள். 1983 இனக் கலவரத்தை இந்தப் பகுதி மறந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். பதுளைக் கடைத்தெரு எரிந்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே தண்ணீர்தான் மேலேயும் கீழேயும் ஓடுகிறது. மேலே கான் அடைத்தால் கீழே வயல் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த அறிவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் வெயில் வந்தது. மடுல்சீமை வரைக்கும் வந்துவிட்டுச் ‘சிறிய உலக முடிவு’ என்ற இடத்தைப் பார்க்காமல் போனால் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். புல்வெளியில் நடந்துபோய்க்கொண்டிருக்கும்போதே நிலம் முடிந்துவிடுகிறது. கீழே, ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், மகியங்கனைச் சமவெளி. குளங்களும் மகாவலியின் வளைவுகளும் மின்னின. வார இறுதிகளில் இளைஞர்கள் கூடாரம் அடிக்க வருகிறார்கள். பிளாஸ்டிக் போத்தல்களையும் விட்டுப்போகிறார்கள். டித்வாவுக்குப் பிறகு அந்தச் சமவெளியில்தான் இந்திய இராணுவம் கள மருத்துவமனை அமைத்து ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தியம் பார்த்தது. மேலிருந்து பார்க்கும்போது எவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது! வீதி அறுந்த நாட்களில் மடுல்சீமைத் தோட்டத்து நோயாளிக்கு அது வேறு நாடு.

திரும்பும் வழியில் அந்த டிவிசனின் கான் வெட்டுக்காரரை மறுபடி சந்தித்தேன். புயலுக்குப் பிறகு அரசாங்கம் அறிவித்த உதவிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபா. முழுதாக இழந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை. பெரிய தொகைதான், இந்த நாட்டில் முன்பு கேள்விப்படாத தொகை. ஆனால் லயத்து அறை யாருடைய வீடு? நான்கு தலைமுறை பிறந்து செத்த அறைக்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மண் சரியாத இடத்தில் ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ உறுதியோடு கிடைத்தால் வீட்டை நாங்களே கட்டிக்கொள்வோம் என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது: கல் எங்கே எடுப்பது, மணல் எவ்வளவு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை.

அவருடைய கோபம் வேறிடத்தில் இருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் பேரை எண்ணித்தான் சம்பளம். மண் இறங்கிய வாரம் முழுக்க, ஸ்டோருக்குப் போகும் பாதையையும் கம்பனித் தேயிலை நின்ற மலையின் கான்களையும் இவர்கள் வெட்டித் திறந்தார்கள். அந்தப் பாதை திறந்ததால்தான் லொறி வந்தது, அடுத்த வாரமே கொழுந்து ஆலைக்குப் போனது.

"அந்த நாளுக்கெல்லாம் பேர் விழுந்துச்சா அண்ணே?"

"நீங்களா செஞ்சதுதானேன்னு சொல்றாங்க தம்பி. நாங்களாத்தான் செஞ்சோம். அதுக்காகப் பேர் இல்லைன்னு ஆயிருமா?"

மரண உதவிச் சங்கத்தின் கொப்பியில் அந்த வாரத்து ஒவ்வொரு நாளும், எந்த மலையில் எத்தனை ஆள் என்று எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அதன் தலைவரும் அவரும் இன்னும் இரண்டு பேருமாக அதைத் தொழிற்சங்கத்திடம் காட்டப் பசறைக்குப் போகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை, முதல் பஸ்ஸில்.